ஏழாவது படி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ராஜினாமா கடிதம் வந்தது. இரண்டே வரி. மீதமிருக்கும் விடுப்பைக் கழித்துக்கொண்டு வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்கிறேன், இத்தனை நாள் வேலை தந்ததற்கு நன்றி. அவ்வளவுதான். ஏன், எதற்கு, எங்கே போகிறாள், ஒரு விவரமும் இல்லை. கம்பெனியில் ஆட்களைப் பார்த்துக்கொள்கிற அக்கா அதை மூன்று முறை படித்தாள்.

கடிதம் அனுப்பியவள் கோடு. அவள் வரைகிற கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் கம்பெனியில் பாதிப் பேர் முழிப்பார்கள்.

அது என்ன கம்பெனி என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தக் காலத்தில் கடையில் அலமாரி வாங்கினால் அலமாரி வருவதில்லை. பலகை பலகையாக, பொட்டலம் நிறையத் திருகாணியோடு ஒரு தட்டைப் பெட்டியில் வருகிறது. கூடவே ஒரு சின்னப் புத்தகம். அதில் எழுத்தே இருக்காது, வெறும் படம். முதல் படி, இரண்டாம் படி என்று பார்த்துப் பார்த்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். கடைசியில் இரண்டு திருகாணி கையில் மிஞ்சும், அதை யாருக்கும் தெரியாமல் மேஜை டிராயரில் போட்டுவிடுவோம். அந்தப் படப் புத்தகங்களைத் தயாரித்துக் கொடுக்கிற கம்பெனிதான் இது. ஆபீஸ் என்று ஒரு கட்டடம் கிடையாது. ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து வேலை. சந்திப்பு, சண்டை, சமாதானம் எல்லாமே கம்ப்யூட்டர் திரையில், சின்னச் சின்னக் கட்டங்களுக்குள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மொத்தமே நாலு பேர். முதலாளி, அக்கா, கோடு, அப்பாவி. இதில் அப்பாவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய வேலை முட்டாளாக இருப்பது. புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன்னால், அவர் தன் வீட்டில் கேமராவை வைத்துக்கொண்டு, படத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் செய்வார். சொந்த மூளையை மருந்துக்கும் தொடமாட்டார். அவர் எங்கே மாட்டிக்கொள்கிறாரோ அங்கே படம் தப்பு என்று அர்த்தம். ஒருமுறை துணி அலமாரி ஒன்றை உள்ளே நின்றபடியே நாலு பக்கமும் பூட்டிவிட்டார். வெளியே வருவது படத்தில் காட்டப்படவில்லை. அவர் மனைவி வேலை முடிந்து வீடு திரும்பும்வரை உள்ளேயே இருந்தார். இப்படி இருப்பதற்கும் ஒரு திறமை வேண்டும், எல்லாராலும் முடியாது.

கம்பெனி கிடுகிடுவென்று வளர்ந்தது. ஆட்கள் சேரச் சேர, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியது. எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிற ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாளே என்று அந்த வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார். அவர் யோசித்தது அவ்வளவுதான். அதுவரை திருகாணி வரைந்துகொண்டு நிம்மதியாக இருந்தவளுக்குக் கீழே இப்போது பதினொரு பேர்.

அக்கா நல்லவள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவளிடம் ஒரு கோளாறு இருந்தது. எதிரே இருப்பவர் இரண்டு விநாடி பேசாமல் இருந்தால் அவளுக்குத் தாங்காது. கேள்வியை அவளே கேட்பாள், பதிலையும் அவளே சொல்லிக்கொள்வாள், கடைசியில் மனம்விட்டுப் பேசினோம் என்று திருப்தியாக எழுந்து போவாள்.

கடிதம் வந்த அரைமணியில் அவள் கோடுக்கு வீடியோ கால் போட்டாள். கோடு திரையில் வந்தாள். முடியை உச்சியில் அள்ளிப் பென்சிலால் குத்தியிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னம்மா இது, லெட்டர் எல்லாம்?" என்றாள் அக்கா.

கோடு வாயைத் திறந்தாள்.

"வீட்ல ஏதாவது பிரச்சனையா? இருக்காது, உங்க வீட்ல எல்லாரும் தங்கமானவங்க. வேற இடத்துல கூப்பிட்டாங்களா? கூப்பிடத்தான் செய்வாங்க, உன் கை அப்படி. வேலை ஜாஸ்தியா? ஜாஸ்திதான், எனக்குத் தெரியாதா. அந்தத் தொட்டில் புத்தகம் உன் உயிரை வாங்குது. அதை முடிச்சிட்டு நாலு நாள் ரெஸ்ட் எடு, எல்லாம் சரியாயிடும். என்ன சொல்ற?"

"அக்கா, அது வந்து…"

"புரியுதும்மா. எனக்கு எல்லாம் புரியுது."

கோடு வாயை மூடிக்கொண்டாள். "சரிங்கக்கா," என்றாள். கால் முடிந்தது. மொத்தம் நாலு நிமிஷம். அதில் கோடு பேசியது நாலு வார்த்தை.

அக்காவுக்குக் கோடு ஏன் போகிறாள் என்று தெரியாது. போகக்கூடாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். நாலு பேராக இருந்த காலத்தில், ஒரே கட்டிலின் இருபத்தெட்டுப் படியை இருவரும் ஒரே வாரத்தில் வரைந்து முடித்தவர்கள். கூடப்பிறந்தவள் ஒருத்தி இருந்தால் இவளைப்போல இருக்கட்டும் என்று அக்கா நினைத்துக்கொண்டதுண்டு. இப்போதும்கூட, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பதினொரு பேரின் தலைவலியிலிருந்து தப்பித்து, அவள் கோடு அனுப்பிய பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்வாள். திருகாணிகளின் தலையில் உள்ள வெட்டு கோணல் மாணலாக இருந்தால் ஒவ்வொன்றாக நேராக்குவாள். பாவம், அந்தப் பெண்ணுக்கு வேலை மிச்சம் என்று நினைப்பு. ஒரு நாளைக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

மத்தியானம் முதலாளி கூப்பிட்டார். அவர் நடக்கிற மெஷின்மேல் நடந்துகொண்டே பேசுகிறவர். அதனால் நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ எல்லாம் மூச்சுவாங்கித்தான் வரும்.

"கோடு போறாங்களாமே," என்றார். மூன்று எட்டு நடந்தார். "ஏன்?"

"கேட்டுட்டு இருக்கேன் சார்."

"கேளுங்க. அவங்க போயிட்டா…" ஐந்து எட்டு. "வெளியிலேருந்து ஒருத்தரைக் கொண்டு வந்துடலாம்னு பாக்குறேன். ஆளுங்களைப் பார்த்துக்கிறதுக்குன்னே படிச்சவர். நீங்க பழையபடி வரையப் போயிடலாம். உங்களுக்கும் சந்தோஷம்தானே?"

சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். திருகாணி பேசாது, அழாது, ராஜினாமா செய்யாது. ஆனால் கோடு போய்விட்டபிறகு திருகாணியைக் கட்டிக்கொண்டு அழுவதில் என்ன சந்தோஷம்? அக்கா வெள்ளிக்கிழமைக்குள் பார்க்கிறேன் சார் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அவள் கணவனிடம் புலம்பினாள். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நடு மாடியில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு வழியாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்த்துப் பழகியவர். வீட்டில் அந்த வேலையும் இல்லை, ஏனென்றால் பேச்சை அக்காவே பார்த்துக்கொள்வாள்.

"அவகிட்ட எப்படிப் பேசறதுன்னே தெரியலைங்க. நான் என்ன பண்ணட்டும்? உங்களுக்கு எங்கே தெரியப்போகுது. நானே ஏதாவது யோசிக்கிறேன்," என்றாள் அக்கா.

"ம்," என்றார் அவர்.

அக்கா யோசித்தாள். எதையும் எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். படிப்படியாகப் படம் போட்டுவிடுவது. செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரு புத்தகம் வரைந்தாள். ஒரு ஆளிடம் மனம்விட்டுப் பேசுவது எப்படி, பத்துப் படிகள். கேள்விகளைப் படமாகப் போட முடியாது என்பதால் கம்பெனி வரலாற்றில் முதல்முறையாக அங்கங்கே எழுத்தும் சேர்த்தாள். வியாழக்கிழமை இதைக் கையில் வைத்துக்கொண்டு கோடுடன் இன்னொரு முறை பேசிப்பார்ப்பது என்று திட்டம். வரைந்து முடித்ததும் அழகாக இருந்தது. அவளுக்கே மனசு லேசானது. கைப்பழக்கத்தில், எப்போதும் முடிந்த புத்தகத்தைப் போடுகிற ஃபோல்டரிலேயே இதையும் போட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.

அந்த ஃபோல்டருக்குப் பெயர் 'சோதனைக்கு'. அதில் விழுகிற எந்தப் புத்தகமும் மறுநாள் காலை பதினொரு மணிக்கு அப்பாவியின் கைக்குத் தானாகப் போய்விடும்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு முதலாளி உட்பட எல்லாரும் திரையில் கூடினார்கள். தொட்டில் புத்தகம்தான் சோதனைக்கு வருகிறது என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவி தன் வீட்டுக் கூடத்தின் நடுவே நின்று, வழக்கம்போலப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டினார். எதிரெதிரே இரண்டு நாற்காலிகள் தெரிந்தன. அக்கா வரைந்த நாற்காலிகள்.

அக்கா நிறுத்துங்கள் என்று கத்த வாயெடுத்தாள். ஆனால் மைக் அணைந்திருந்தது, அதைத் திறக்கவும் முடியாது. சோதனைக்கு நாலு விதி உண்டு. எல்லாரும் பார்க்க வேண்டும். யாரும் உதவக்கூடாது. ஒரு படி முடிந்ததும் குறை இருந்தால் பார்ப்பவர்கள் சொல்லலாம். நாலாவது, புத்தகத்தை வரைந்தவர் மட்டும் சோதனை முடியும்வரை வாயே திறக்கக்கூடாது, ஏனென்றால் வரைந்தவர்கள் எல்லாருமே 'அது அப்படி இல்ல, இப்படி' என்று குறுக்கே விழுவார்கள். அந்த நாலாவது விதியைப் போன வருஷம் போட்டவளே அக்காதான். மீறிய இரண்டு பேரை நன்றாக டோஸும் விட்டிருக்கிறாள்.

யார் வரைந்தது என்று பக்கத்தில் போட்டிருக்கவில்லை. போடத் தேவையும் இல்லை. பதினொரு கட்டங்களிலும் முகங்கள் மெல்ல அக்காவின் கட்டத்தைப் பார்த்துத் திரும்பின.

அப்பாவி இரண்டு நாற்காலிகளைக் கொண்டு வந்து எதிரெதிராகப் போட்டார். ஒன்றில் அவர் உட்கார வேண்டும். மற்றதில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பதாகப் படம். அப்பாவி எழுந்து போய் ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவருடைய மாமனார். மகளைப் பார்க்க வந்து ஒன்பது நாளாகத் தங்கியிருக்கிறார். கையில் பாதி மடித்த செய்தித்தாளோடு அவர் உட்கார்ந்தார்.

இரண்டாவது படி சிரிப்பது. அக்கா வரைந்த முகத்தில் எட்டுப் பல் தெரிந்தது. அப்பாவி எண்ணிப் பார்த்துக்கொண்டு எட்டுப் பல் தெரிகிற அளவுக்கு உதட்டை இழுத்தார். மாமனார் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார் அப்பாவி. மூன்றாவது படி.

"நான் இங்கதானே இருக்கேன் மாப்பிள்ளை. நீங்கதான் சொல்லணும்."

"நீங்க செய்யற வேலை ரொம்ப நல்லா இருக்கு."

"நான் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சே."

யாரோ ஒருவர் மைக்கை அணைக்க மறந்து களுக்கென்று சிரித்தார். ஐந்தாவது படியில் அம்புக்குறி காட்டிய திசையில் அப்பாவி முன்னால் சாய்ந்தார். அம்பு சற்று நீளமாகப் போய்விட்டதால் மாமனாரின் மூக்குக்கு நாலு விரல் தூரம் வரை போய் நின்றார். அங்கிருந்தபடியே ஆறாவது படிக்கான கேள்வியைக் கேட்டார்.

"உங்க மனசுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லையே."

ஏழாவது படி, பதிலுக்குக் காத்திருப்பது. அக்கா அதில் ஒரு பெரிய காது வரைந்திருந்தாள். எதிரே இருப்பவரின் வாயிலிருந்து ஒரு பலூன் கிளம்பியிருந்தது. பலூனுக்குள் பேச்சைக் காட்டுவதற்காக மூன்று வரி போட்டிருந்தாள். அப்பாவி படத்தைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். 'ஒண்ணும் இல்லையே' என்பது ஒரு வரிகூட முழுசாக இல்லை. எனவே காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று படத்தில் இல்லை.

ஒரு நிமிஷம் போனது. அக்காவால் முடியவில்லை. மாமனாருக்குப் பதிலாக அவளே நாலைந்து பதிலை மனசுக்குள் தயார் செய்துவிட்டாள். விரல் தானாக மைக் பட்டன் பக்கம் போனது. அவள் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மூன்று நிமிஷம் போனது. மாமனார் செய்தித்தாளைப் பிரித்தார், மடித்தார். இருமினார். ஜன்னலைப் பார்த்தார். அப்பாவி அதே நாலு விரல் தூரத்தில், கண் இமைக்காமல், அன்பாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழாவது நிமிஷம் மாமனார் பெருமூச்சு விட்டார்.

"சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன். அந்த ரூம்ல எனக்குப் போட்ட கட்டில்ல ஒரு பலகை இடுப்புல குத்துது. இந்த வீட்ல பாதி பூட்டின நாற்காலி, பாதி பூட்டின மேஜைதான் இருக்கு, நிம்மதியா சாய்ஞ்சு உட்கார ஒரு இடம் இல்ல. ஒன்பது நாளா நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் வந்தது பிடிக்கலையோன்னு நாளைக்கே கிளம்பிடலாம்னு இருந்தேன்."

அப்பாவி படத்தைப் பார்த்தார். மூன்று வரிக்குமேலேயே வந்துவிட்டது. "நன்றி," என்றார். அது எட்டாவது படி. ஒன்பதாவது படி பிரச்சனையைத் தீர்ப்பது. அதற்கு அக்கா ஒரு ஸ்பேனர் வரைந்திருந்தாள். அப்பாவி எழுந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கூடத்தில் மாமனார் மட்டும் உட்கார்ந்து, திரையிலிருந்த பன்னிரண்டு முகங்களையும் சாவகாசமாகப் பார்த்தார்.

"எட்டாவது படி வரைக்கும் முடிஞ்சுது. குறை இருந்தா இப்ப சொல்லலாமில்லையா?" என்று ஒரு குரல் கேட்டது. கோடு.

கோடு யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் தொடர்ந்தாள்.

"ஏழாவது படியில ஒரு குறை இருக்கு. படம் சரிதான். ஆனா இதை வரைஞ்சவங்க நிஜத்துல அந்தப் படிக்கு வந்ததே இல்ல. ஆறுலேருந்து நேரா எட்டுக்குத் தாவிடுவாங்க."

அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் அப்படியா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. இல்லை என்று அவளே பதில் சொல்லிக்கொள்ளவும் வேண்டும்போல இருந்தது. இரண்டுக்கும் வழியில்லை.

கோடு தைரியம் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. பலகை, திருகாணி எண்ணிக்கை போடுகிற பட்டியல்காரர் தொண்டையைக் கனைத்தார். சாது மனுஷன். "நானும் ஒண்ணு சொல்லணும். எனக்குப் பூனை கிடையாது," என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடி அக்கா என்னைக் கூப்பிட்டு, உன் பூனைக்கு உடம்பு எப்படி இருக்கு, தேறிடுச்சில்லன்னு கேட்டாங்க. வேற யாரோட பூனையோ. நான் சொல்றதுக்குள்ள, தேறிடும், கவலைப்படாதன்னு அவங்களே சொல்லிட்டாங்க. பாவம், மனசு கஷ்டப்படுவாங்களேன்னு நானும் விட்டுட்டேன். அப்புறம் வாராவாரம் கேட்டாங்க. நானும் சாப்பிடுது, நடக்குதுன்னு சொல்லிட்டு வரேன். போன வாரம் அது குட்டி போட்டுடுச்சுன்னு சொல்லிட்டேன். இதுக்கு மேல என்னால முடியல."

"நியாயம்தானே," என்றார் அப்பாவியின் மாமனார், யாரும் கேட்காமலே. "குட்டிங்களை வேற வளர்க்கணும்."

பத்துக் கட்டங்களில் சிரிப்பு. கோடுகூடச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபிறகு அவள் மறுபடி பேசினாள். இந்த முறை குரல் சற்றுக் கீழே இருந்தது.

"பதினோரு மாசமா நான் அனுப்புற ஒவ்வொரு பக்கத்தையும் யாரோ மாத்துறாங்க. பெரிசா ஒண்ணும் இல்ல. ஸ்க்ரூவோட தலையில இருக்கிற வெட்டை மட்டும். நான் அதைச் சாய்வா போடுவேன், நிஜத்துல எந்த ஸ்க்ரூவும் முறுக்கி முடிச்சதும் நேரா வந்து நிக்கிறதில்லை. மறுநாள் பார்த்தா எல்லாம் நேரா நிக்கும். யார் மாத்தினதுன்னு தேடினா 'ஆபீஸ்'னு மட்டும் காட்டும். தப்புன்னு ஒருத்தர் ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னதில்ல. கேட்கலாம்னு ரெண்டு தடவை அக்காகிட்ட வந்தேன், பேச விடல. நாலு பேரா இருந்தப்ப என் வேலையை எல்லாரும் நம்புனாங்க. இப்ப ஆபீஸே நம்பலைன்னா நான் எதுக்கு இருக்கணும்? அதான் எழுதிக் கொடுத்துட்டேன்."

'ஆபீஸ்' என்பது நாலு பேர் காலத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த பழைய கம்ப்யூட்டர் கணக்கு, அதில் நுழைந்து யார் எதை மாற்றினாலும் அந்தப் பெயர்தான் விழும். மற்றவர்கள் எல்லாரும் எப்போதோ தங்கள் சொந்தப் பெயருக்கு மாறிவிட்டார்கள். அக்கா மட்டும் மாறவில்லை. யாரைத் தக்கவைத்துக்கொள்ள மூன்று நாளாகத் தவித்தாளோ, அவளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்து தன் கையாலேயே வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. எதையும் சொல்ல முடியாமல் திரையையே பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள், கோடின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. எத்தனை நாளாகவோ.

அப்பாவி ஸ்பேனரோடும் ஒரு பலகையோடும் திரும்பி வந்தார். மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்தாவது படி. குலுக்கியதோடு விட்டிருக்க வேண்டும், ஏனோ அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தார். அது படத்தில் இல்லை. "சோதனை முடிஞ்சுது," என்றார்.

இப்போது அக்கா பேசலாம். எல்லாரும் அவள் பேசப்போவதற்காகத் தயாராக உட்கார்ந்தார்கள். குறைந்தது இருபது நிமிஷம் என்று ஒருவர் டீ எடுத்துவரக்கூட எழுந்தார். அக்கா மைக்கைத் திறந்தாள். உனக்கு வேலை மிச்சமாகட்டும் என்றுதான் செய்தேன், உன் கோடுமேல் எனக்கு எவ்வளவு பிரியம் தெரியுமா, நேராக இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று நினைத்தேன், இப்படி வரிசையாகத் தொண்டையில் வந்து நின்றது. அத்தனையும் உண்மைதான். அவள் விழுங்கிக்கொண்டாள்.

"அந்த ஆபீஸ் நான்தான். தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோ."

டீ எடுக்கப் போனவர் பாதியில் நின்றார். கோடு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. பிறகு கோடின் கட்டம் அணைந்தது. இரண்டு நிமிஷம் கழித்து ஒரு செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் என் பக்கத்தைத் தொடாதீர்கள் என்று இருந்தது. இருக்கிறேன் என்றும் இல்லை, போகிறேன் என்றும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, தொடக்கூடாது என்ற வைராக்கியத்தோடு, சும்மா பார்ப்பதற்காக மட்டும், அக்கா தொட்டில் புத்தகத்தைத் திறந்தாள். பதினொரு பக்கம் அருமையாக இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் பகீரென்றது. தொட்டிலின் பக்கக் கதவுக்குப் போடுகிற தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. குழந்தை தானே திறந்துகொண்டு இறங்கிப் போகலாம். கோடு இப்படி ஒரு தப்புச் செய்து அக்கா பார்த்ததே இல்லை. புத்தகம் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வெளியே போக வேண்டும்.

திருத்த ஒரு நிமிஷம் ஆகும். யாருக்கும் தெரியாது. பாவம், போகிற நேரத்தில் அவளுக்கு ஏன் ஒரு கெட்ட பெயர்? அக்காவின் விரல் மவுஸுக்குப் போனது. அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். திரும்பி வந்து பார்த்தாள். தாழ்ப்பாள் அங்கேயேதான் இருந்தது. மறுபடி போய், கழுவிக் கவிழ்த்த அதே பாத்திரங்களைக் கழுவினாள். மூன்றாவது நடையில், சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த கணவன் நிமிர்ந்து பார்த்தார்.

"தாழ்ப்பாள் உள்ள இருக்குங்க," என்றாள் அக்கா.

"எதுல?"

"கோடு வரைஞ்ச தொட்டில்ல."

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்ற?" என்று கேட்டுவிட்டு அவர் தட்டைக் கழுவப் போட்டார். கழுவுவதற்கு அக்காவுக்கு ஒன்று கிடைத்தது.

சொல்லத்தான் வேண்டும். ஆனால் நேற்று மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்று குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு போய் நின்றால், இருக்கலாமா என்று நினைத்துக்கொண்டிருப்பவள்கூட எழுந்து போய்விடுவாளே என்று பயமாக இருந்தது. செய்தி எழுதினாள், அழித்தாள். சுற்றி வளைத்து எழுதினாள், அதையும் அழித்தாள். நாலு மணிக்கு மனசைத் திடப்படுத்திக்கொண்டு கூப்பிட்டாள்.

"சொல்லுங்கக்கா," என்றாள் கோடு.

"பன்னெண்டாம் பக்கத்தைக் கொஞ்சம் பாரேன்."

சொல்லிவிட்டு அக்கா வாயை மூடிக்கொண்டாள். கோடும் பேசவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். பதினெட்டு வரை போனது. அவள் வாழ்க்கையிலேயே பெரிய எண்ணிக்கை அது.

"என்ன பார்க்கணும்?" என்றாள் கோடு.

"தாழ்ப்பாள்."

"எப்ப கவனிச்சீங்க?"

"ரெண்டு மணிக்கு."

"இப்ப நாலு." கோடு திரைக்கு அருகில் வந்து அவளை உற்றுப் பார்த்தாள். "ரெண்டு மணி நேரம் தொடாமலா இருந்தீங்க?"

"பாத்திரம் கழுவினேன். மூணு தடவை."

கோடின் உதடு ஒரு ஓரமாக இழுத்தது. சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

"அந்தத் தப்பு நான் வேணும்னே போட்டதுக்கா. நேத்து சாயங்காலம் போட்டேன். 'ஆபீஸ்' எப்பவும் மத்தியானம்தான் மாத்தும், இன்னைக்கும் சாப்பிட்டதும் நீங்க திறப்பீங்கன்னு தெரியும். மாத்தியிருந்தா பேசாம போயிடலாம், இல்லேன்னா நானே சரி பண்ணிடலாம்னு இருந்தேன்."

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு மணி நேரம் தவித்திருக்கிறாள், கை எல்லாம் சோப்பில் ஊறிச் சுருங்கியிருக்கிறது. அந்தக் கோபம் பாதி தூரம்கூட வரவில்லை, கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. நீ இருக்கிறாயா போகிறாயா என்று கேட்க வேண்டும். கேட்டால் அழுதுவிடுவாள். கேட்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கோடு முடியிலிருந்த பென்சிலை உருவி, தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்ற வேண்டும் என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"திங்கக்கிழமை மீட்டிங் எத்தனை மணிக்குக்கா?"

"பத்து மணிக்கு," என்றாள் அக்கா. அதோடு நிறுத்திக்கொண்டாள்.